ஆயம்மா எழுதாத கடிதம்

பதினாறு வருஷமாக ஊருக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டீவியைப் போட்டால், சிவப்புச் சோபாவில் உட்கார்ந்து கையில் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க தங்கச்சி" என்று தொடங்குகிற பெண் நான்தான். கலா அக்கா. முழுப் பெயர் கலாராணி. அறுபது முடிந்துவிட்டது. எழுபது வயதுக்காரர்கள்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் மறுத்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

இதற்கென்று நான் ஒன்றும் படித்து வரவில்லை. மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அடித்துப்பிடித்து டீச்சராகி, கண்டியில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தவள். எங்கள் சேனல் புதிதாகத் தொடங்கியிருந்த நேரம், வினாவிடைப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். அன்றைக்கு நேயர்களின் மனக்கஷ்டங்களுக்குப் பதில் சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வர இருந்தார். கடுகண்ணாவையில் மண் சரிந்து அவர் வாகனம் அங்கேயே நின்றுவிட்டது. நிகழ்ச்சியோ லைவ். புரொடியூசர் நிரஞ்சனுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். முகமெல்லாம் வேர்த்துப்போய் என்னிடம் வந்து, "டீச்சர், அரை மணித்தியாலம் உக்காந்து எதையாவது சொல்லுங்க" என்றான். உட்கார்ந்தேன். டொக்டர் வழியிலேயே திரும்பிப் போய்விட்டார். நான் இன்னும் எழும்பவில்லை.

அந்தக் காலத்தில் கடிதங்கள் மூட்டையாக வந்தன. என் கணவர் லெட்சுமணனுக்குத் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாயை விரித்து மூட்டையைக் கொட்டி, மாமியார் சண்டை ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம், வெளிநாட்டுக்குப் போன பெண்கள் ஒரு பக்கம் என்று எனக்குப் பிரித்துத் தருவார். "இது பொம்பள பேர்ல ஒரு ஆம்பள எழுதினது" என்று எழுத்தைப் பார்த்தே சொல்வார். நான் நம்பமாட்டேன். இரண்டு பக்கம் தாண்டினால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கடிதத்தை வந்தபடியே வாசிக்கமாட்டேன். ஊரையும் தொழிலையும் மாற்றிவிடுவேன். மடுல்கெல்லை என்று வந்தால் புசல்லாவை என்பேன். திகனையில் கடை வைத்திருப்பவரின் மனைவி என்று வந்தால் மாத்தளையில் தையல் தைப்பவள் என்பேன். தோட்டத்து லயங்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வரிசையாகப் பத்து வீடு, பத்து வீட்டிலும் டீவி, இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அங்கே இருந்து ஒருத்தி டீவிக்கு எழுதினாள் என்று தெரிந்தால் அவள் கதை முடிந்தது. பதினாறு வருஷத்தில் ஒருத்தியைக்கூட நான் காட்டிக்கொடுத்ததில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. பெரிய பெருமை.

பிறகு கடிதங்கள் நின்றுவிட்டன. யார் இப்போது முத்திரை ஒட்டுகிறார்கள்? பதினொரு நிமிஷம் அழுது வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அதை டீவியில் போட முடியாது, குரல் தெரிந்துவிடும். ஆனால் கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் வாசிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தை எடுத்தால் நிகழ்ச்சியே விழுந்துவிடும் என்று நிரஞ்சன் சொல்லிவிட்டான். அதனால் நானே எழுதத் தொடங்கினேன். வீட்டில் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் அதில் ஒரு கடிதம் எழுதுவேன். வாட்ஸப்பில் அழுத நாலு பேரின் கதையைப் பிசைந்து ஒருத்தியின் கதையாக்குவேன். நிரஞ்சனுக்கும், ஒபீஸில் இருக்கும் சர்மிளாவுக்கும் மட்டும்தான் இது தெரியும். டீவியில் நான் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் தாள், கடிதம் மனப்பாடம். இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கஷ்டமெல்லாம் உண்மைதானே.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. லெட்சுமணனுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு வருஷம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் ஒரு பிளேன்டீ குடித்துவிடலாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் வீடு, அவர், நான். கழுவுவது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் நான்தான். அன்றைக்குக் காலையில் இரண்டு தரம் படுக்கை விரிப்பு மாற்றினேன். மழை, ஒன்றும் காயவில்லை. இடுப்பு விட்டுப்போய் குசினியில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். எழுத்து தானாக வந்தது.

"அக்கா, என் கணவர் பல வருஷமாகப் படுத்த படுக்கை. அவர் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. எல்லாம் நான்தான் செய்கிறேன். ஆனால் விடிய எழும்பினதும் முதலில் அவர் நெஞ்சைத்தான் பார்ப்பேன், ஏறி இறங்குகிறதா என்று. ஏறி இறங்கினால் என் மனசு விழுந்துபோகிறது. இன்றைக்கும் முடியவில்லையே என்று நினைக்கிறேன். நான் பாவியா அக்கா?"

எழுதி முடித்துத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை, நாளைக்கு வாசிக்க வேறொன்றும் இல்லை. வழக்கம்போல ஊரையும் தொழிலையும் மாற்றினேன். ஊர் புசல்லாவைப் பக்கம். தொழிலுக்குக் கொழுந்து எடுப்பவள் என்று போடப்போய், எத்தனை தரம்தான் கொழுந்து எடுப்பவள் என்று சொல்வது என்று அலுத்துப்போய், பிள்ளைக்காம்பரா ஆயம்மா என்று போட்டேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. இப்போது அதற்குப் பெரிய பெயரில் போர்டு வைத்திருக்கிறார்கள், சனங்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை வாசித்தேன். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பதிலும் சொன்னேன். "தங்கச்சி, அவர இனி புருஷன்னு நெனைக்காதீங்க. கொழந்தன்னு நெனைங்க. பெத்த கொழந்தய கழுவித் தொடைக்கிறது யாருக்காவது பாரமா தெரியுமா? மனசு லேசாயிரும், பாருங்க." அருமையான பதில் என்று எல்லாரும் சொன்னார்கள். போனில் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன.

போன புதன்கிழமை யசோதா வந்தாள்.

எங்கள் ஒபீஸ் பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. நான் போனபோது வாசலில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். சிரிக்கவில்லை. என்னைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் அழுவார்கள்.

"அக்கா, நா புசல்லாவ பக்கத்துல இருந்து வாறேன். பிள்ளைக்காம்பரா ஆயம்மா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு தகரம் மாத்த கூரையில ஏறி விழுந்து முதுகெலும்பு போயிருச்சு. ரெண்டு வருஷமா படுக்கை. நீங்க டீவியில கடுதாசி வாசிச்சீங்களே, அத நா எழுதினேன்னு சொல்றாங்க அக்கா. சத்தியமா நா எழுதல."

கையிலிருந்த குடையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே கேட்டேன், "யார் சொல்றாங்க?"

"யார் சொல்லல? அவரோட அம்மா, தம்பிமாரு, லயத்துல எல்லாரும். புருஷன் சாகணும்னு பார்த்துக்கிட்டு இருக்கான்னு சொல்றாங்க. மாமி அவர தம்பி வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நா கஞ்சி கொண்டுபோனா வாங்க மாட்டேங்கிறாங்க, அதுல என்ன போட்டிருக்கியோன்னு கேக்குறாங்க. அவரும் மொகத்த திருப்பிக்கிறாரு." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். பிள்ளைக்காம்பராவில் பதினாலு பிள்ளைகள் இருந்தார்களாம். இப்போது ஒன்றும் இல்லை. பெரிய மனுஷன் சாவை நினைக்கிறவள் கையில் கைப்பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்று தாய்மார் கொண்டுவருவதில்லையாம். மாசம் முடிவதற்குள் பிள்ளைகள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவதாகத் தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லிவிட்டாராம்.

எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தோட்டத்தில் பிறந்தவள் நான். கொழுந்து எடுப்பவள் என்று சொல்லியிருந்தால் முந்நூறு பேரில் யார் என்று தேடட்டும். ஆயம்மா தோட்டத்தில் ஒரு டிவிஷனுக்கு ஒருத்திதான். அதிலும் புருஷன் படுக்கையில் கிடக்கும் ஆயம்மா அந்தப் பக்கத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் போட்ட வேஷம் நேராகப் போய் இவள் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

"நாங்க எப்பவும் ஊர மாத்தித்தான் வாசிப்போம் தங்கச்சி. அத சனிக்கிழம சொல்லிர்றேன்" என்றேன்.

"நம்ப மாட்டாங்க அக்கா. நா வந்து அழுததால நீங்க சொல்றீங்கன்னு சொல்லுவாங்க." அவள் எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டுதான் பஸ் ஏறியிருக்கிறாள். "அந்தக் கடுதாசிய டீவியில காட்டுங்க. பிள்ளைங்க பேர் பதியிற கொப்பி முழுக்க என்னோட எழுத்துதான். எல்லாரும் பார்த்திருக்காங்க. கடுதாசியில இருக்கிற எழுத்த பார்த்தாலே வேற ஆளுன்னு தெரிஞ்சிரும். அது போதும் அக்கா, வேற ஒண்ணும் வேணாம்."

இல்லாத கடிதத்தை எங்கே போய்த் தேடுவது? உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. பதினாறு வருஷப் பழக்கத்தில் வாய் தானாக ஆறுதல் சொல்லியது. "வீட்டுல இருக்கு. சனிக்கிழம காட்டுறேன்."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். சர்மிளா கொடுத்த தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "சனிக்கிழம எல்லாரையும் டீவி முன்னுக்கு உக்கார வச்சிர்றேன் அக்கா. மாமியையும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

நிரஞ்சனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, பதட்டம் மட்டும் அதே பதட்டம். "இதுக்கு ஏன் டீச்சர் இவ்வளவு யோசிக்கிறீங்க? ஒரு கடுதாசி எழுதினா போச்சு. சர்மிளா, நீ ஒரு தாள எடு" என்றான்.

சர்மிளா நல்ல பிள்ளை, சொன்ன வேலையைத் தட்டமாட்டாள். தாளை எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல இரண்டு வரி எழுதினாள். "விடிய எழும்பினதும்" என்ற இடத்தில் பேனையை வைத்துவிட்டாள்.

"மெடம், கோவிச்சுக்காதீங்க. அடுத்த மாசம் எனக்கு கலியாணம். மாப்பிள வீட்டுல எல்லாரும் சனிக்கிழம டீவி பாக்குறவங்க. கலியாண லிஸ்ட் எல்லாம் நாந்தான் எழுதிக் குடுத்திருக்கேன். என்னோட எழுத்து அவங்களுக்குத் தெரியும்."

நிரஞ்சன் அவளை முறைத்தான். நான் அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்தேன். அவள் சொன்னது நியாயம். யார் எழுதினாலும் அது ஒருத்தியின் எழுத்து. யசோதா தலையிலிருந்து இறக்கி இன்னொருத்தி தலையில் வைப்பதற்கு நான் எதற்கு?

"நான்தான் எழுதினேன், கற்பனைன்னு சொல்லப் போறேன்" என்றேன்.

"அப்ப இவ்வளவு நாள் வாசிச்சதெல்லாம் பொய்யான்னு கேப்பாங்க. நிகழ்ச்சி முடிஞ்சிச்சு டீச்சர்."

"முடியட்டும். எனக்கும் களைச்சிருச்சு."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி போவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, அது உண்மை. எனக்குப் பயம் வேறு. லெட்சுமணன் ஒரு சனிக்கிழமை விடாமல் என் நிகழ்ச்சியைப் பார்ப்பார். தலையணையை உயர்த்தி வைத்துவிட்டால் போதும், முடியும்வரை கண்ணை எடுக்கமாட்டார். அந்தக் கடிதத்தையும் பார்த்தார். அது யாரோ ஒரு ஆயம்மாவுடையது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருப்பார். நான் எழுதியது என்று தெரிந்தால் ஒரு மனுஷன் எப்படி அந்தப் படுக்கையில் கிடப்பான்? கற்பனை என்று அழுத்திச் சொல்லிவிட வேண்டும். டீச்சர் எழுதிய கட்டுரை மாதிரி. அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கஞ்சி ஊட்டும்போது அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் மனம் விட்டுப் பேசுங்கள் என்று சொல்கிறவள்.

சனிக்கிழமைகளில் அவருக்குத் துணையாக இருக்கத் திகனையிலிருந்து றம்லத் வருவார். புருஷன் இறந்தபிறகு இப்படி இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அன்றைக்கு அவரைக் குசினிக்குக் கூப்பிட்டு, "றம்லத், இன்னைக்கு டீவி போட வேணாம். கேபிள் பழுதுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பத்து மணிக்குச் சிவப்புச் சோபாவில் உட்கார்ந்தேன். வணக்கம் சொன்னேன். கொப்பியைத் திறந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

"மூணு கிழமைக்கு முன்ன ஒரு ஆயம்மாவோட கடிதம் வாசிச்சேன். அது இதுதான். இந்த எழுத்து என்னோட எழுத்து. அப்படி ஒரு கடிதம் யாரும் எனக்கு எழுதல. நான் கற்பனையா எழுதி வாசிச்சது. புசல்லாவைப் பக்கம் ஒரு ஆயம்மா இதால ரொம்ப கஷ்டப்படுறாங்க. அவங்களுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. பிழை என்னோடது."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அவ்வளவுதான், எழும்பி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். காதிலிருந்த கருவியில் நிரஞ்சன், "டீச்சர், ஒரு கோல். அந்தத் தோட்டத்துல இருந்துதான். எடுக்கவா?" என்றான். எடு என்று தலையாட்டினேன்.

வயதான பெண் குரல். யசோதாவின் மாமியார் என்று சொன்னார். பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது, அந்த வீட்டில் ஒரு கூட்டமே இருக்க வேண்டும்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. நா கைநாட்டு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கற்பனைன்னு சொல்றீங்க. என் வீட்டுக்காரரு மூணு வருஷம் படுக்கையில கெடந்து செத்தாரு. விடிய எழும்பி மொதல்ல நெஞ்ச பாக்குறதும், அது ஏறி எறங்கினா மனசு விழுந்துபோறதும், படுக்கையில ஒரு ஆள வச்சிருக்கிறவளுக்குத்தான் தெரியும். வெளியில இருக்கிறவங்களுக்கு அது வராது. அவ வந்து சொல்லாம ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாலு பேர் வாட்ஸப்பில் சொன்னதைச் சேர்த்து எழுதினேன் என்றிருக்கலாம். ஆனால் அந்தக் கிழவி தன் வீட்டுக் கதையை ஊருக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்கிறாள். அவளிடம் பொய் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் யசோதா திரும்பவும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் படுக்கையில இருக்காரும்மா" என்றேன்.

கொப்பியை மூடி மடியில் வைத்தேன்.

"என்னோட வீட்டுக்காரர். அந்தக் கடிதத்துல இருக்கிறது என்னோட மனசு. தொழில மட்டுந்தான் மாத்தினேன்."

"எத்தன வருஷமா?"

"ஆறு வருஷமா."

கிழவி மூச்சு விடுவது கேட்டது. பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே பக்கத்தில் யாரிடமோ சொன்னார், "கஞ்சி ஆறிப் போகுது. யசோதாவ குடுக்கச் சொல்லு." அதோடு போன் வைக்கப்பட்டது.

மிச்ச நேரத்துக்கு என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. விளம்பரம் போட்டார்கள். வெளியே வந்தபோது நிரஞ்சன் கையில் இரண்டு போனும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. "அடுத்த கிழமை வர வேணாம் டீச்சர். பார்த்துச் சொல்றேன்" என்றான். சொல்லமாட்டான், எனக்குத் தெரியும். கோபமும் வரவில்லை. சர்மிளா கீழே தெரு வரைக்கும் என்னோடு வந்து, குடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மடியில் இருந்த கொப்பியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். யசோதாவைப் பற்றி நினைக்க நிம்மதியாக இருந்தது. வீட்டை நினைக்க, பஸ் இன்னும் மெதுவாகப் போனால் நல்லது என்றிருந்தது. கேபிள் பழுது என்று றம்லத் சொல்லியிருப்பார், லெட்சுமணன் பார்த்திருக்கமாட்டார், பார்த்திருந்தாலும் கற்பனை என்று சொன்னதோடு தூங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

றம்லத் வாசல் கேற்றடியிலேயே நின்றார்.

"டீச்சர், நான் போடல்ல. கேபிள் பழுதுன்டு செல்லினேன். நான் கஞ்சி காச்சிட்டு வாறதுக்குள்ள அவரே எடது கையால ரிமோட்ட எடுத்துப் போட்டீக்கிறாரு. நான் எனத்த செய்ய?"

"முழுக்கப் பார்த்தாரா?"

"முழுக்கப் பார்த்தாரு டீச்சர்."

அவரைப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். டீவியில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை நிறுத்தினேன். லெட்சுமணன் உயர்த்தி வைத்த தலையணையில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசவேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு வரிகூட வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. முப்பத்துநாலு வருஷம் ஒன்றாக இருந்த மனுஷனின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

"என்னங்க" என்றேன். "நான் எழுதினதுதான்."

"தெரியும்."

அடுத்த சொல் வரும்வரை நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கே... தெரியும்."

வாசித்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் நான் ஊட்டிய கஞ்சியைக் குடித்திருக்கிறார், நான் புரட்டியபோது புரண்டிருக்கிறார், ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. நான் அழுதுகொண்டே, "மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் இடது கையை அசைத்தார். அதை விடு என்கிற மாதிரி. அவர் சொல்ல வந்தது வேறு என்று விளங்கியது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. பொறுமையாக இருந்தேன்.

"லெட்டர்ல... பிழ இல்ல." நிறுத்தினார். நெற்றியில் வேர்த்தது. "பதில்... பிழ."

"கொழந்தன்னு சொன்னதா?"

"நான்... கொழந்த இல்ல."

நான் தலையாட்டினேன். பதினாறு வருஷத்தில் என் பதில் பிழை என்று என்னிடம் நேரில் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். கொப்பி இன்னும் என் மடியில் இருந்தது. அவர் அதைக் கண்ணால் காட்டினார். திறந்தேன். அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். இடது கைச் சுட்டுவிரலை மெதுவாகத் தூக்கி, கடைசி வரியில் கொண்டுபோய் வைத்தார். நான் பாவியா அக்கா என்ற வரி.

"இந்தக் கேள்விக்கு... நீ பதிலே... சொல்லல்ல."

உண்மைதான். டீவியில் நான் என்னென்னமோ சொன்னேன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

"என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டேன்.

விரல் அந்த வரியிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

"இல்லன்னு" என்றார்.